பையனுக்கு 18 முடிந்துவிட்டது, பெண் படிக்கிறாளா தெரியவில்லை: ஜீவனாம்சத் தகுதியை எப்படிச் சரிபார்ப்பது? (வேலூர்)

பாலாற்றோரம்:
வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

நானும் மனைவியும் பிரிந்து பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் அவரோடு காட்பாடியில் இருக்கிறார்கள், நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். 2019-ல் வேலூர் ஃபேமிலி கோர்ட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் ஜீவனாம்சம் போட்டார்கள், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். மனைவி வேலையில் இருப்பதால் தனக்கு என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் கணக்கில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

பையனுக்குப் போன மாதம் 18 முடிந்தது. பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான் என்று ஒருவர் சொல்கிறார், ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொல்கிறார். பெண்ணுக்கு 15. அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள், சித்தூரில் பாட்டி வீட்டில் இருக்கிறாள் என்று உறவில் பேச்சு. போனஃபைட் சர்டிபிகேட் (படிக்கிறாள் என்று பள்ளி தரும் சான்று) வாங்கி அனுப்பு என்று கேட்டால் மனைவி பதிலே சொல்வதில்லை. கூட வேலை செய்கிறவர், "இரண்டு மாதம் பணத்தை நிறுத்து, அவர்களே கோர்ட்டுக்கு எல்லாப் பேப்பரையும் தூக்கிக்கொண்டு வருவார்கள்" என்கிறார். எனக்கு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் போகிற பணம் பிள்ளைகளுக்குத்தான் போகிறதா, இன்னும் கொடுக்க வேண்டிய நிலையில்தான் அவர்கள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள முறையான வழி ஏதாவது இருக்கிறதா?

குடியாத்தம் அக்கா:
இந்த மாதிரி கேள்வியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது, மன்னிக்கவும். நான் பணம் வாங்குகிற பக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் "அவள் படிக்கிறாளா, என் பிள்ளைதானா, உன்னோடதான் இருக்கிறாளா" என்று ஒவ்வொரு காகிதமாகக் கேட்பார்கள். கொடுத்தால் அடுத்த மாதம் பணம் வரும் என்று கொடுப்பேன், வராது. காகிதம் கேட்பது பணத்தைத் தள்ளிப்போட ஒரு வழி. நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்றால் நல்லது, நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடும்?

கோட்டைவாசல்:
அண்ணா, முதலில் டிஎன்ஏ டெஸ்ட் கேளுங்கள். எல்லாம் தானாக வெளியே வரும்.

பாலாற்றோரம்:
தம்பி, பிள்ளைகள் என்னுடையவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தயவுசெய்து அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
நான் இங்கே ஃபேமிலி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன். உங்கள் பேப்பரைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் டிஎன்ஏ பேச்சை முடித்துவிடலாம், ஏனென்றால் நிறைய பேர் இதை ஒரு மிரட்டலாகவே வைத்திருக்கிறார்கள். திருமண பந்தம் இருக்கும்போதோ, அது முடிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போதோ பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் 112, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 116. அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை அசைக்க முடியும். சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு மனு போட்டால் டெஸ்டுக்கு உத்தரவிட மாட்டார்கள், 1993-லிருந்தே உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் கேட்கிற போனஃபைட் சர்டிபிகேட்டுக்கும் பெண்ணின் தகுதிக்கும் சம்பந்தம் இல்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144, கேட்பது இவ்வளவுதான்: உங்கள் பிள்ளையா, 18 ஆகவில்லையா, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையா. பள்ளிக்கூடம் போகிறாளா என்பது அந்தப் பிரிவில் எங்கேயுமே இல்லை. 15 வயதுப் பெண் படிப்பை நிறுத்தியிருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் வேண்டும், கொடுக்க வேண்டிய கடமை அப்படியே இருக்கும். படிப்புச் செலவு மாறினால் தொகை மாறலாம், அவ்வளவுதான். பாட்டி வீட்டில் இருப்பதாலும் உரிமை போகாது.

பையன் கதை வேறு. 18 முடிந்த மகனுக்கு 144-ல் கேட்க வேண்டுமானால், உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவனாக இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கிறான் என்பது மட்டும் அந்தப் பிரிவில் போதாது. சில வழக்குகளில் உச்ச நீதிமன்றமே முதல் பட்டம் முடிக்கும் வரை கொடுக்கச் சொல்லியிருக்கிறது, ஆனால் அது அந்தந்த வழக்கின் நிலையைப் பார்த்துச் செய்தது.

அதனால் உங்கள் 2019 ஆர்டரை எடுத்து வைத்துக்கொண்டு கடைசிப் பத்தியைப் படியுங்கள். "மேஜர் ஆகும் வரை" என்று இருக்கிறதா, வெறுமனே "மாதந்தோறும்" என்று இருக்கிறதா? அதைச் சொன்னால் மேலே சொல்கிறேன். அதுவரை எதையும் நிறுத்தாதீர்கள்.

பேரணாம்பட்டு சலீம்பாய்:
வக்கீல் மேடம், எங்கள் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு, இதையும் சொல்லுங்கள். என் தங்கை விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது, தலாக் ஆகிவிட்டால் இத்தா (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) வரைதான் அவளுக்கு, பிள்ளைக்கு இரண்டு வயது வரைதான் என்றார்கள். பிள்ளைக்கு அப்போது 4 வயது. ஒன்றும் கிடைக்காது என்று நாங்களும் பேசாமல் வந்துவிட்டோம்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
பாய், அந்த இரண்டு வருடக் கணக்கு விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986 சட்டத்தில் விவாகரத்தான பெண் தன் உரிமையாகக் கேட்பதற்குச் சொன்னது. பிள்ளையின் உரிமை அதற்குள் அடங்காது. 1997-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. முஸ்லிம் பிள்ளைகளும் 125-ல் தகப்பனிடம் கேட்கலாம், மேஜர் ஆகும் வரையோ தங்களைப் பார்த்துக்கொள்ளும் வரையோ, பெண் பிள்ளையென்றால் கல்யாணம் ஆகும் வரை. 125 எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. தங்கை பிள்ளை இன்னும் மைனராக இருந்தால் இப்போதும் மனு போடலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

பேரணாம்பட்டு சலீம்பாய்:
பிள்ளைக்கு இப்போது 9. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். திங்கட்கிழமை தங்கையை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

லத்தேரி வாத்தியார்:
நான் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறவன். போனஃபைட் விஷயம் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

அட்மிஷன் ரிஜிஸ்டரில் தகப்பன் பெயர் இருந்தால் அவர் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். ஆனால் கணவன் மனைவிக்குள் வழக்கு இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலான ஹெச்எம் கோர்ட் கடிதம் கொண்டு வாருங்கள் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். ஏன் என்றால், ஒரு பக்கத்துக்குச் சர்டிபிகேட் கொடுத்தால் அடுத்த நாள் இன்னொரு பக்கம் வந்து ஆபீஸ் ரூமில் சத்தம் போடும், அந்தப் பிள்ளை அதே வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் ஒரு வாரம் வகுப்பில் தலை நிமிராது, பார்த்திருக்கிறேன்.

தகப்பன்மார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளி விடுகிற நேரத்தில் கேட்டில் நின்று, "அம்மா உனக்குப் பீஸ் கட்டினாளா, எங்கே தங்குகிறாய்" என்று பிள்ளையிடம் விசாரிக்காதீர்கள். பிள்ளையைச் சாட்சி ஆக்காதீர்கள். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவு எண்) இருக்கிறது, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கினால் அதுவும் பதிவாகும். கோர்ட் கேட்டால் பள்ளி இதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும். பிள்ளையிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம், பாலாற்றோரம் சார், பெண் 15 வயதில் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டால் பணத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு முன்னால், அவள் ஏன் நிறுத்தினாள் என்று கேளுங்கள். இந்த வயதில் பெண்ணைப் படிப்பை நிறுத்திப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால் எனக்கு முதலில் வருகிற பயம் வேறு. கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் தயங்காமல் 1098, குழந்தைகள் உதவி எண், கூப்பிடுங்கள்.

பாலாற்றோரம்:
ஐயா, நீங்கள் சொன்ன கடைசி விஷயம் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கோணத்தில் நான் நினைக்கவே இல்லை. மாமியார் வீட்டுப் பக்கத்தில் எனக்கு இன்னும் பேசுகிற ஒரு பெரியம்மா இருக்கிறார், இன்றைக்கே பேசுகிறேன்.

வக்கீல் மேடம், ஆர்டரைப் பார்த்தேன். "மனுதாரர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 5,000" என்றுதான் இருக்கிறது. மேஜர் ஆகும் வரை என்ற வார்த்தை இல்லை.

கே.வி.குப்பம் ராணுவக் குடும்பம்:
நடுவில் வருகிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள், அதனால் இது சிலருக்கு உதவும். என் அக்கா கணவர் ராணுவத்தில் இருக்கிறார், பிரிந்த பிறகு பிள்ளைக்குப் பணம் வரவில்லை. பிள்ளை பிறந்தபோதே யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பதிவு செய்கிற ராணுவ உத்தரவு) போட்டுச் சர்வீஸ் ரெக்கார்டில் பெயர் ஏற்றியிருந்தார்கள். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ராணுவச் சட்டம் 90, 91 பிரிவுகளில் மனைவிக்கும் பிள்ளைக்கும் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்க வழி இருக்கிறது. முறைதவறிப் பிறந்த பிள்ளை என்றாலும் அந்தப் பிரிவு பொருந்தும். கோர்ட்டுக்கு அலைகிற அதே நேரத்தில் யூனிட்டுக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் எழுதுங்கள் என்று அக்காவுக்கு ஒரு ரிட்டையர்டு சுபேதார்தான் சொல்லிக்கொடுத்தார்.

சிஎம்சி பழைய மாணவி, லீட்ஸ்:
வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். பிரிந்து வாழ்கிற தாய் நான். இங்கே இந்தச் சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்று சொன்னால் வித்தியாசம் புரியும்.

இங்கே சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் என்று அரசாங்க அமைப்பே இருக்கிறது, கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளை 16 வயதுக்குள் இருக்க வேண்டும், அல்லது 20 வயதுக்குள் இருந்து ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி) வரைக்குமான முழுநேரப் படிப்பில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் போனால் முடிந்தது. பிள்ளைக்காக அரசு தருகிற சைல்ட் பெனிஃபிட் யார் பெயரில் போகிறது என்று பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறார்கள். 16 முடிந்த பிள்ளை படிப்பைத் தொடர்கிறது என்று தாய் அரசுக்குச் சொல்லாவிட்டால் சைல்ட் பெனிஃபிட் நின்றுவிடும், அதோடு இதுவும் ஆட்டம் காணும். தொகைக்கும் வாய்ப்பாடு இருக்கிறது, வாரச் சம்பளம் 200 முதல் 800 பவுண்டு வரை ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 19. பிள்ளை வருடத்தில் 52 இரவோ அதற்கு மேலோ தகப்பனோடு தங்கினால் குறைப்பார்கள்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, நானும் அவரும் ஒருவரை ஒருவர் விசாரிக்க வேண்டியதில்லை. அவர் என்னிடம் காகிதம் கேட்கவே முடியாது, கேட்க வேண்டியது அந்த அமைப்பு. நம் ஊரில் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி நீயே நிரூபி, நீயே மறு என்று விட்டுவிடுகிறோம். குடியாத்தம் அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது.

கோட்டைவாசல்:
அப்போ இங்கிலாந்தில் படிப்பை நிறுத்தினால் பணமும் நிற்கும், இங்கே நிறுத்தினாலும் கொடுக்க வேண்டும். அண்ணாவுக்கு இங்கேதான் நஷ்டம்.

சிஎம்சி பழைய மாணவி, லீட்ஸ்:
தம்பி, இங்கே 16 வயதுக்குப் பிறகுதான் படிப்பைப் பார்ப்பார்கள். 15 வயதுப் பிள்ளைக்கு இங்கேயும் கொடுத்தே ஆக வேண்டும். இதில் நஷ்டம் என்ற வார்த்தை எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
பாலாற்றோரம் சார், ஆர்டரில் காலக்கெடு இல்லை என்றால் பையன் பங்கை நீங்களாக வெட்டாதீர்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழை வைத்து பழைய 127, இப்போதைய 146-ல் மாற்றம் கேட்டு மனு போடுங்கள். சான்றிதழுக்கு மனைவியிடம் போக வேண்டியதில்லை, தமிழ்நாட்டின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் தேடலாம், கிடைக்காவிட்டால் அவன் பிறந்த இடத்துப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ராணிப்பேட்டை 2019 கடைசியில் தனி மாவட்டம் ஆகிவிட்டது, அங்கே போடலாமா என்று கேட்பீர்கள். ஆர்டர் போட்ட வேலூர் கோர்ட்டிலேயே போடுவதுதான் நேர் வழி.

பள்ளி விவரத்தை அதே மனுவில் கேட்கலாம். ஃபேமிலி கோர்ட்டுக்கு 1984 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் நல்ல அதிகாரம் இருக்கிறது, விவகாரத்தைத் தீர்க்க உதவும் என்று தோன்றினால் எந்த ஆவணத்தையும் அறிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம், சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி அதற்குத் தடை இல்லை. பள்ளிக்குக் கடிதம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால் கவுன்சிலிங்குக்கும் அனுப்புவார்கள், அங்கேயே பாதி விஷயம் முடிந்துவிடும் என்பது என் அனுபவம், ஏனென்றால் உங்கள் மனைவி பதில் சொல்லாததற்குக் காரணம் திருட்டுத்தனம் இல்லாமல் வெறும் வெறுப்பாகவும் இருக்கலாம்.

தொகையை மாற்றக் கேட்கும்போது இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் அஃபிடவிட்டாகக் கொடுக்க வேண்டியிருக்கும், 2020 நவம்பரில் ரஜ்னேஷ்-நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. உங்கள் சம்பளம் 2019-ஐவிடக் கூடியிருந்தால் பெண்ணின் தொகையும் கூடலாம். அதையும் யோசித்துக்கொண்டு வாருங்கள், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

இன்னொன்று. பெண்ணுக்கு 18 முடிந்தால் பையனைப் போலவே முடிந்தது என்று நினைக்காதீர்கள். 144-ல் மேஜரான மகளுக்கும் குறைபாடு இருந்தால்தான். ஆனால் இந்துக்களுக்கு 1956 தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 20-ஆம் பிரிவு இருக்கிறது. கல்யாணம் ஆகாத மகள், தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ வாழ முடியாவிட்டால் தனியாக வழக்குப் போட்டுக் கேட்கலாம், 2020-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்தப் பிரிவில் தாய்க்கும் பொறுப்பு உண்டு.

குடியாத்தம் அக்கா:
மேடம், நான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளைக்கு வருகிற பணம் நின்றுவிடும் என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மையா? அதற்குப் பயந்துகொண்டே பல வருடம் ஓட்டிவிட்டேன்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
இல்லை அம்மா. மறுமணத்தால் போவது முதல் கணவரிடம் உங்களுக்கென்று கிடைக்கிற பங்கு. பிள்ளைக்கு அவர் தகப்பன் என்பது மாறாது. பிள்ளையை முறையாகத் தத்துக் கொடுத்தால்தான் அந்தக் கடமை மாறும். அதை எண்ணி உங்கள் வாழ்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள்.

லத்தேரி வாத்தியார்:
வயதைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பள்ளிச் சேர்க்கைக்காக முன்பெல்லாம் பிறந்த தேதியை மாற்றிப் போடுவது வழக்கம், ரிஜிஸ்டரில் நிறைய ஜூன் மாதப் பிறந்த நாள் பார்ப்பேன். பிறப்புச் சான்றிதழும் டி.சி.யும் ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். வழக்கில் எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டால் வாய்தா மேல் வாய்தா போகும்.

பாலாற்றோரம்:
பெரியம்மாவிடம் பேசிவிட்டேன். கல்யாணப் பேச்சு எதுவும் இல்லை. பெண்ணுக்கு டைபாய்டு வந்து நீண்ட நாள் லீவு, அதற்கப்புறம் பள்ளிக்குப் போக மனசில்லாமல் சித்தூரில் இருக்கிறாளாம். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நினைத்தால் ஆறவில்லை. பையன் பாலிடெக்னிக்கில்தான் இருக்கிறான், மெக்கானிக்கல் முதல் வருடம். வேலைக்குப் போனது அவன் பெரியப்பா மகன், பெயர் ஒன்று என்பதால் ஊர் மாற்றிச் சொல்லியிருக்கிறது.

மனு போடத்தான் போகிறேன், ஆனால் பையன் பங்கை ரத்து செய்யச் சொல்லி இல்லை. டிப்ளமோ மூன்று வருடம் முடியும் வரை கொடுக்கிறேன், அந்தத் தேதியை ஆர்டரில் எழுதுங்கள் என்று கேட்கப் போகிறேன். பெண் அடுத்த ஜூனில் மறுபடி பள்ளியில் சேர வேண்டும், மார்க் லிஸ்ட்டும் மருத்துவச் சீட்டும் எனக்கும் ஒரு பிரதி வர வேண்டும், மாதம் ஒரு நாள் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்துக் கேட்க முடியுமா?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
டிப்ளமோ தேதியும் பிரதிகளும் கவுன்சிலிங்கில் இரண்டு பேரும் சம்மதித்தால் அப்படியே பதிவு செய்து ஆர்டர் வாங்கலாம். பிள்ளைகளைப் பார்ப்பது மெயின்டனன்ஸ் மனுவில் வராது, அதற்குத் தனி மனு, சேர்த்தே போட்டுவிடலாம். பையன் மேஜர், அவனைப் பார்க்கக் கோர்ட் உத்தரவு எதற்கு, நீங்களே போன் செய்யுங்கள்.

பணத்தை இனி ஒரே தொகையாகப் போடாதீர்கள். மகன் பங்கு தனி, மகள் பங்கு தனி, ரிமார்க்ஸில் மாதமும் எம்.சி. நம்பரும் (ஜீவனாம்ச வழக்கு எண்) போடுங்கள். கையில் காசாக யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். வைத்தியச் செலவுக்கு ஏதாவது தனியாகக் கொடுத்தால் அதையும் கணக்கில் போட்டு, வைத்தியத்துக்கு என்று எழுதுங்கள்.

குடியாத்தம் அக்கா:
அண்ணா, பெண் சீக்கிரம் தேறட்டும். பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் அதட்டாதீர்கள்.

மேடம், கடைசியாக என் கணக்கு. எனக்குப் போன ஆனியிலிருந்து பணம் வரவில்லை, அவர் இப்போது ஆம்பூரில் வேலை செய்கிறார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று என் வக்கீல் சொல்கிறார்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
பார்க்க வேண்டாம். ஒவ்வொரு மாதத் தொகையும் பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டால்தான் அதற்கு வாரண்ட் கிடைக்கும். போன ஆனி என்றால் இந்த ஆனிக்குள் போட்டாக வேண்டும், தள்ளினால் முதல் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். அவர் ஆம்பூரில் இருந்தால் அந்தப் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே உங்கள் ஆர்டரைக் காட்டி நிறைவேற்றக் கேட்கலாம். ஆர்டரின் சான்றிட்ட நகல், பாஸ்புக், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். அவர் மறுபடி தள்ளினால் சட்ட உதவி மையத்துக்கு வந்துவிடுங்கள், சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது.